தனிநாடு கேட்கும் கட்சி மாநிலத்தை ஆளும்போது: ஸ்காட்லாந்தும் கியூபெக்கும்

மேட்டுத்தெரு:

தேசியவாதக் கட்சிகள் என்றதும் நாம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசிவிடுகிறோம். ஏற்கெனவே அரசு கையில் உள்ள பெரும்பான்மை மக்களின் பெயரால் குடியேறிகளை எதிர்க்கும் பிரான்சின் தேசியப் பேரணி போன்ற கட்சிகள் ஒரு வகை. தனக்கென அரசு இல்லாத ஒரு மக்களுக்கு அரசு வேண்டும் என்று கேட்கும் கட்சிகள் வேறு வகை. இந்த இழையில் இரண்டாம் வகையை மட்டும், அதிலும் ஆயுதம் எடுக்காமல் வாக்குப்பெட்டி வழியாக ஒரு மாநில ஆட்சியைப் பிடித்த கட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். (நம் ஊர்க் கட்சிகளுக்கு இங்கே இழைகள் ஏராளம், அந்தச் சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

என் கேள்வி இதுதான்: தனிநாடு கேட்கும் ஒரு கட்சி, எந்த நாட்டிலிருந்து பிரிய விரும்புகிறதோ அந்த நாட்டின் அமைப்புக்குள்ளேயே ஒரு மாநிலத்தைத் திறம்பட ஆண்டு காட்டினால், அதன் குறிக்கோள் நெருங்குகிறதா, விலகுகிறதா?

ஸ்காட்டிய தேசியக் கட்சியின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டும் நடந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இரண்டு சிறு கட்சிகள் இணைந்து 1934-இல் உருவான அந்தக் கட்சி, 1945 ஏப்ரலில் மதர்வெல் இடைத்தேர்தலில் முதல் தொகுதியை வென்று, அதே ஆண்டு ஜூலையில் நடந்த பொதுத்தேர்தலில் அதை இழந்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பெரிதாகப் பொருட்படுத்தியவர் இல்லை. 1967-இல் தொழிற்கட்சியின் கோட்டையான ஹாமில்டனை அக்கட்சியின் வின்னி யூயிங் இடைத்தேர்தலில் கைப்பற்றினார். 1970-இல் வடகடலில் பெரும் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. “இது ஸ்காட்லாந்தின் எண்ணெய்” என்ற முழக்கம் எழுந்தது. 1974 அக்டோபர் தேர்தலில் ஸ்காட்லாந்தின் வாக்குகளில் சுமார் 30 விழுக்காட்டையும், 71 தொகுதிகளில் 11-ஐயும் அக்கட்சி பெற்றது. அதாவது, அதுவரை உணர்வாக மட்டும் இருந்த ஒன்றுக்குக் கணக்குப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பிரிந்தால் ஏழையாவோம் என்ற பழைய அச்சத்துக்கு எண்ணெய்தான் முதல் மறுமொழி.

ஆனால் அடுத்த ஐந்தாண்டுகளில் எல்லாம் கவிழ்ந்தது.

நீலமலை:

1979 வாக்கெடுப்பில் “ஆம்” தரப்புதான் வென்றது என்று படித்திருக்கிறேன். பிறகு ஏன் சட்டமன்றம் அமையவில்லை? கவிழ்ந்தது என்று நீங்கள் சொல்வது இதைத்தானா?

மேட்டுத்தெரு:

அதேதான், நீலமலை. அது தனிநாட்டுக்கான வாக்கெடுப்பு அன்று. வரம்புக்குட்பட்ட அதிகாரங்களைக் கொண்ட ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்கானது. வாக்களித்தவர்களில் 51.6 விழுக்காட்டினர் ஆதரித்தனர். ஆனால் பதிவுபெற்ற வாக்காளர்கள் அனைவரிலும் 40 விழுக்காட்டினராவது “ஆம்” என்று சொல்லியிருக்க வேண்டும் என்ற திருத்தத்தை ஜார்ஜ் கன்னிங்ஹாம் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் முன்னதாகவே சட்டத்தில் சேர்த்திருந்தார். அவர் ஆளும் கட்சிக்காரர், பிறப்பால் ஸ்காட்லாந்துக்காரர், வென்ற தொகுதியோ லண்டனில். கிடைத்த ஆதரவு 32.9 விழுக்காடு. வாக்களிக்காமல் வீட்டில் இருந்தவரும், பட்டியலில் பெயர் நீக்கப்படாத இறந்தவரும் “இல்லை” என்று சொன்னவராகவே கணக்கிடப்பட்டதற்கு ஒப்பானது இது.

சினங்கொண்ட தேசியக் கட்சி, தொழிற்கட்சிப் பிரதமர் காலகனின் அரசுக்கு எதிராக நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது; அதைத் தொடர்ந்து எதிர்க்கட்சித் தலைவர் தாட்சர் கொண்டுவந்த தீர்மானத்துக்கும் வாக்களித்தது. 1979 மார்ச் 28 அன்று 311-க்கு 310 என ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது. வான்கோழிகள் தாங்களே கிறிஸ்துமஸை முன்கூட்டி நடத்தும்படி வாக்களிப்பதை வரலாறு இப்போதுதான் காண்கிறது என்று அந்தக் கட்சியைக் காலகன் அவையிலேயே எள்ளினார். அவர் சொன்னபடியே நடந்தது: தேர்தலில் அவர்களின் 11 தொகுதிகள் இரண்டாயின.

ஆனாலும் வான்கோழிக் கதை அத்தோடு முடியவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடுத்து வந்த பதினெட்டு ஆண்டு கன்சர்வேட்டிவ் ஆட்சிக்கு ஸ்காட்லாந்தில் பெரும்பான்மை ஒருபோதும் இருந்ததில்லை. வருமானம் எதுவானாலும் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைவரி, இங்கிலாந்துக்கு வருவதற்கு ஓராண்டு முன்பே, 1989-இல், ஸ்காட்லாந்தில் விதிக்கப்பட்டது. எரிச்சல் சேர்ந்துகொண்டே போனது. 1997 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு அங்கே ஒரு தொகுதிகூட மிஞ்சவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் 74.3 விழுக்காட்டினர் தங்களுக்கென நாடாளுமன்றம் வேண்டும் என்று வாக்களித்தனர். அது தேசியவாதத்தை அடியோடு ஒழித்துவிடும் என்று தொழிற்கட்சியின் ஜார்ஜ் ராபர்ட்சன் நம்பினார். எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிடைப்பது அரிது என்று கருதப்பட்ட தேர்தல் முறையை வகுத்தார்கள். 2007-இல் 129 இடங்களில் 47-ஐ வென்று, தொழிற்கட்சியைவிட ஒரே ஓர் இடம் கூடுதலாகப் பெற்று, தேசியக் கட்சித் தலைவர் அலெக்ஸ் சால்மண்ட் சிறுபான்மை அரசு அமைத்தார். 2011-இல் 69 இடங்கள். கிடைக்காது என்று எண்ணப்பட்ட தனிப்பெரும்பான்மை கிடைத்துவிட்டது.

கிளாஸ்கோவாசி:

அந்த 2007 முதல் 2014 வரையிலான காலத்தை இங்கே வாழ்ந்து பார்த்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். அந்த அரசு முதல் ஐந்தாண்டுகளில் தனிநாட்டைப் பற்றி வீட்டு வாசலில் வந்து பேசியதைவிட, பாலச் சுங்கத்தை ஒழித்ததையும், பட்டதாரிகளிடம் வாங்கிய கட்டணத்தை நீக்கியதையும், மருந்துச் சீட்டுக்கான கட்டணத்தை 2011-இல் முற்றிலும் எடுத்துவிட்டதையும் பேசியதே அதிகம். “இவர்களால் ஆள முடியும்” என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது. தனிநாட்டை விரும்பாத என் அண்டை வீட்டு மூதாட்டியே 2011-இல் அவர்களுக்கு வாக்களித்ததாகச் சொன்னார். 69 இடங்களை உணர்ச்சி அலை என்று வெளியூர் ஏடுகள் எழுதின. எனக்கு அது நிர்வாகத்துக்குக் கிடைத்த கூலியாகத்தான் தெரிந்தது.

2014 செப்டம்பர் 18 வாக்கெடுப்பில் நானும் வாக்களித்தேன். அப்போது என்னிடம் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டு. ஸ்காட்லாந்தில் சட்டப்படி குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தினருக்கும், பதினாறு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் வாக்குரிமை இருந்தது. மாறாக, எடின்பரோவில் பிறந்து வளர்ந்து லண்டனில் வேலை பார்த்தவருக்கு வாக்கு இல்லை. ஒரு தேசியவாதக் கட்சி, “இந்த நாட்டின் எதிர்காலத்தை முடிவு செய்ய வேண்டியவர் யார்” என்ற கேள்விக்கு, இரத்தத்தைப் பார்க்காமல் முகவரியைப் பார்த்து விடை சொன்னது அன்று எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

84.6 விழுக்காட்டினர் வாக்களித்தனர். முடிவு 55.3-க்கு 44.7, பிரிய வேண்டாம் என்பதுதான் தீர்ப்பு. கிளாஸ்கோவும் டண்டியும் “ஆம்” என்றன. வசதியான எடின்பரோ “இல்லை” என்றது. நான் பார்த்தவரை தோல்விக்குப் பெரிய காரணம் நாணயம். பிரிந்த பின்னும் பவுண்டைப் பகிர்ந்துகொள்வோம் என்று கட்சி சொன்னது; அது நடக்காது என்று நிதியமைச்சர் ஆஸ்போர்ன் பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டார். “அப்படியானால் உங்கள் மாற்றுத் திட்டம் என்ன?” என்ற கேள்விக்குத் தொலைக்காட்சி விவாதத்தில் சால்மண்டால் நேராக விடை சொல்ல முடியவில்லை. ஓய்வூதியம் வாங்குவோர் அந்த இடத்தில்தான் கைநழுவிப் போனார்கள்.

மொன்றியல் பொடியன்:

அக்கா சொன்ன நாணயக் கதை, கனடாவின் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக்கில் எங்களுக்குப் பழசு. மேட்டுத்தெரு அண்ணாவின் கேள்விக்குக் கியூபெக்தான் தெளிவான விடை என்பது என் எண்ணம். அந்த விடை தேசியவாதிகளுக்கு உவப்பானது அல்ல.

ரெனே லெவெக் 1968-இல் பார்த்தி கெபெக்வா கட்சியைத் தொடங்கி, எட்டே ஆண்டுகளில், 1976 நவம்பரில், 110 இடங்களில் 71-ஐ வென்று ஆட்சியமைத்தார். முதலில் நல்லாட்சி, பிறகு சர்வசன வாக்கெடுப்பு, அதன் பிறகே இறைமை என்ற படிப்படியான வழி அவர்களுடையது. தனிநாட்டுக்குப் பயந்தவர்களும் அதனால் அவர்களுக்குத் துணிந்து வாக்களித்தார்கள். ஸ்காட்லாந்தில் பின்னர் நடந்ததும் இதே வழிதான்.

ஆட்சிக்கு வந்ததும் செய்த பெரிய காரியம் 1977-ஆம் ஆண்டின் 101-ஆம் சட்டம். அரச நிர்வாகம், வேலைத்தளம், கடைப் பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் பிரெஞ்சு மொழிக்கு முதலிடம் தந்தது மட்டுமல்லாமல், குடிவரவாளர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்கே போகவேண்டும் என்றும் அது விதித்தது. அதற்கு முன்பு இத்தாலியரும் கிரேக்கரும் பெரும்பாலும் ஆங்கிலப் பாடசாலைகளையே நாடினார்கள். எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்த எங்கள் பெற்றோருக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை; நாங்கள் வீட்டில் தமிழும் பாடசாலையில் பிரெஞ்சும் தொலைக்காட்சியில் ஆங்கிலமுமாக வளர்ந்தோம். “101-இன் பிள்ளைகள்” என்று எங்கள் தலைமுறைக்குப் பெயரே உண்டு.

இப்போது யோசித்துப் பாருங்கள். பிரெஞ்சு அழிந்துவிடும் என்ற அச்சம்தான் பிரிவினைக்கு எரிபொருள். அந்த அச்சத்தைக் கனடாவுக்குள் இருந்துகொண்டே ஒரு மாகாணச் சட்டத்தால் பெருமளவு தணிக்க முடியும் என்று பிரிவினைக் கட்சியே நிரூபித்துவிட்டது. 1980 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 60 வீதம் பேர் “இல்லை” என்றனர். ஆனால் ஓராண்டு கழித்து, 1981-இல், அதே மக்கள் அதே கட்சியை மீண்டும் ஆட்சியில் அமர்த்தினார்கள். கட்சி வேண்டும், அதன் குறிக்கோள் வேண்டாம்.

1995-இல் வித்தியாசம் வெறும் 54,288 வாக்குகள், 50.58-க்கு 49.42. வாக்களித்தவர்கள் 93 வீதத்துக்கு மேல். அந்த நெருக்கத்துக்குக் காரணம் கியூபெக் அரசின் செயற்திறன் என்று நான் நம்பவில்லை. 1982-இல் கியூபெக்கின் ஒப்புதல் இல்லாமல் அரசியலமைப்பு கொண்டுவரப்பட்டதும், அதைச் சரிசெய்ய வந்த மீச் ஏரி உடன்பாடு 1990-இல் செத்துப்போனதும் தந்த அவமான உணர்வே அது. அன்றிரவு முதல்வர் பாரிசோ, பணமும் இனக்குழு வாக்குகளும் தங்களைத் தோற்கடித்தன என்று மேடையில் சொன்னார். மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தார். எங்கள் வீட்டில் அந்த ஒற்றை வசனத்தை இன்றும் யாரும் மறக்கவில்லை. அவர்களின் சட்டப்படி அவர்களின் மொழியைப் படித்த பிள்ளைகளின் வீட்டைத்தான் அவர் அப்படிச் சுட்டினார்.

ஐயன்குளம்:

கிளாஸ்கோவாசி முகவரித் தேசியத்தைப் பாராட்டியிருக்கிறார். பொடியன் பாரிசோவை நினைவூட்டியிருக்கிறார். எனக்கு இரண்டாவதுதான் பொதுவிதி என்று படுகிறது. இக்கட்சிகளின் தொடக்கத்தைத் தோண்டினால் நல்ல மணம் வராது. ஸ்பெயினில் பாஸ்க் தேசியக் கட்சியை 1895-இல் நிறுவிய சபினோ அரானா, தொழிற்சாலை வேலைக்கு வந்த ஸ்பானியரை இழிவாக எழுதியவர், இனத்தூய்மை பேசியவர். பெல்ஜியத்தின் பிளாம்ஸ் பிளோக் கட்சியோடு இணைந்த அமைப்புகளை, இனவெறுப்புச் சட்டத்தை மீறியதற்காக நீதிமன்றம் 2004-இல் தண்டித்தது. அது பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. பார்த்தி கெபெக்வாவும் 2013-இல் அரசு ஊழியர்கள் தலைப்பாகை, முக்காடு போன்ற வெளிப்படையான சமய அடையாளங்களை அணியக்கூடாது என்ற சாசனத்தை முன்வைத்தது. தோல்வி நெருங்கும்போது முகவரி மறைந்து முகம் முன்னுக்கு வருகிறது.

மேட்டுத்தெரு:

ஐயன்குளம் ஐயா, தொடக்கத்தைக் கொண்டு இன்றைய நிலையைத் தீர்மானிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அரானாவின் கட்சியே பின்னர் பல பத்தாண்டுகள் பாஸ்க் நாட்டை ஆண்டு, இனப் பேச்சைக் கைவிட்டு, வரி வசூலிலும் தொழில் வளர்ச்சியிலும் பெயர் பெற்றது. அதை அப்படி மாற்றியது ஆட்சிதான் என்பேன்: பெரும்பான்மை வேண்டுமானால் குடியேறியவர்களின் வாக்கும் வேண்டும். 2013 சாசனத்தை நீங்கள் எடுத்துக்காட்டியது சரி. ஆனால் அதை முன்வைத்த அரசு 2014 தேர்தலில் தோற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டப்பார்வை:

விவாதம் கட்சிகளின் பண்பைப் பற்றியே போகிறது. மைய அரசு என்ன செய்கிறது என்பது பாதிக் கதை என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1998-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், கியூபெக் தன்னிச்சையாகப் பிரியும் உரிமை நாட்டின் சட்டத்திலும் இல்லை, பன்னாட்டுச் சட்டத்திலும் இல்லை என்றது. அதே மூச்சில், தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் எஞ்சிய கனடா பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும் என்றும் சொன்னது. 1995-இல் கேட்கப்பட்ட கேள்வியோ கூட்டாண்மை, மசோதா, ஜூன் 12 உடன்படிக்கை என்று சுற்றி வளைத்தது. தெளிவு எது என்பதை நாடாளுமன்றம் மதிப்பிடும் முறையை 2000-ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தது. மறுப்பும் வாசலும் ஒரே தீர்ப்பில் இருந்தன.

பிரிட்டனில் 2012 எடின்பரோ உடன்பாட்டின் வழியே பிரதமர் கேமரனும் சால்மண்டும் பேசி முடித்து, அதிகாரத்தைத் தற்காலிகமாகக் கைமாற்றி, “ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?” என்ற எளிய கேள்வியைக் கேட்டனர். ஆனால் அது நிலையான உரிமை அன்று என்பது 2022 நவம்பர் 23 அன்று உறுதியானது: லண்டனின் ஒப்புதலின்றி வாக்கெடுப்பு நடத்த ஸ்காட்டிய நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தன்னாட்சி உரிமை குறித்த வாதத்தை மறுக்க அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று அந்த 1998 கியூபெக் தீர்ப்பு. மறுப்பு கடல் கடந்து வந்தது. பேச்சுவார்த்தைக் கடமை வரவில்லை. இது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

ஸ்பெயின் வாசலே வைக்கவில்லை. 2017 அக்டோபர் 1 அன்று கட்டலோனியாவில் தடையை மீறி வாக்கெடுப்பு நடந்தது. காவலர் தடியடி நடத்தினர். அம்மாத இறுதியில் தனிநாட்டு அறிவிப்பும், உடனே அரசியலமைப்பின் 155-ஆம் பிரிவின்கீழ் மத்திய ஆட்சியும் வந்தன. 2019-இல் ஒன்பது தலைவர்களுக்கு 9 முதல் 13 ஆண்டு வரை சிறை. 2021-இல் அவர்களுக்கு மன்னிப்பு. 2024-இல் பொதுமன்னிப்புச் சட்டம். அந்த 2024-லேயே தேர்தலில் தனிநாடு கேட்கும் கட்சிகள் கட்டலான் சட்டமன்றப் பெரும்பான்மையை இழந்தன.

கிளாஸ்கோவாசி:

2022 தீர்ப்புக்குப் பிறகு இங்கே கட்சி செய்வதறியாமல் நின்றது என்பதே உண்மை. 2015 பொதுத்தேர்தலில் 59 தொகுதிகளில் 56-ஐ வென்ற கட்சி அது. தோற்ற வாக்கெடுப்புக்கு எட்டே மாதங்களில். 2016-இல் ஸ்காட்லாந்தின் 62 விழுக்காட்டினர் ஐரோப்பாவில் நீடிக்க வாக்களித்தும் வெளியேற்றப்பட்டோம்; கட்சிக்கு அதைவிட வலுவான வாதம் கிடைக்காது. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் “அடுத்த வாக்கெடுப்பு” என்று சொல்லி அதை நடத்த முடியாமல் போனபோது, மக்களுக்கு மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலும், தீவுகளுக்கான படகுகள் பல ஆண்டுகள் தாமதமானதும்தான் கண்ணில் பட்டன. 2023-இல் சால்மண்டுக்குப் பின் முதல்வரான ஸ்டர்ஜன் விலகினார். அடுத்து வந்த ஹம்சா யூசப், பசுமைக் கட்சியுடனான உடன்பாட்டை முறித்து ஓராண்டு சுமாரிலேயே வெளியேற, ஜான் ஸ்வின்னி வந்தார். 2024 ஜூலையில் 57 தொகுதிகளில் ஒன்பதுதான் மிஞ்சின.

இதில் மேட்டுத்தெரு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்சிக்கு 2024-இல் கிடைத்தது சுமார் 30 விழுக்காடு. தனிநாட்டுக்கு ஆதரவு எவ்வளவு என்று கேட்கும் கருத்துக்கணிப்புகளோ 2014-க்குக் கீழே பெரிதாக இறங்கவில்லை. கியூபெக்கில் மக்களுக்குக் கட்சி வேண்டியிருந்தது, குறிக்கோள் வேண்டியிருக்கவில்லை என்றார் பொடியன். இங்கே இப்போது அது தலைகீழாக நிற்கிறது. என்னுடன் வேலை செய்யும் இளையவர்களில் பலர் தனிநாடு வேண்டும் என்பார்கள். 2024-இல் வாக்களித்தது தொழிற்கட்சிக்கு.

நீலமலை:

அப்படியானால் பெல்ஜியத்தை எங்கே வைப்பீர்கள்? அந்நாட்டின் டச்சு மொழிப் பகுதியான பிளாண்டர்ஸ் தனிக் குடியரசாக வேண்டும் என்பதைத் தன் கட்சி விதிகளிலேயே கொண்டிருக்கும் புதிய பிளெமிய கூட்டணியின் பார்ட் டி வேவர், 2025 பிப்ரவரியில் பெல்ஜியத்தின் பிரதமராகவே பதவியேற்றார். எந்த நாட்டைக் கலைக்கக் கட்சி நடத்தினாரோ அந்த நாட்டு அரசரின் முன் உறுதிமொழி எடுத்தார்.

மேட்டுத்தெரு:

அங்கே வேறுபாடு பணம். ஸ்காட்லாந்திலும் கியூபெக்கிலும் பிரிந்தால் இழப்போம் என்ற அச்சம். பிளாண்டர்ஸ் பணக்காரப் பகுதி, மக்கள்தொகையிலும் பெரிய பகுதி. பெரும்பான்மைக்காரர் பிரிவதைவிட, மைய அரசின் அதிகாரங்களை ஒவ்வொன்றாக மாநிலங்களுக்குக் கழற்றிக் கொடுப்பது மலிவான வழி. டி வேவர் கூட்டாட்சியைத் தளர்த்துவதைப் பற்றியே பேசுகிறார். வாக்கெடுப்பைப் பற்றி அல்ல. கலைப்பதற்கும் சாவி கையில் இருப்பது நல்லது என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம்.

மொன்றியல் பொடியன்:

கியூபெக்கில் அந்தக் கணக்கைப் போட்டவர் பிரான்சுவா லெகோ. பார்த்தி கெபெக்வா அரசில் அமைச்சராக இருந்தவர், 2011-இல் புதுக் கட்சி தொடங்கி, வாக்கெடுப்பே கிடையாது, ஆனால் பிரெஞ்சும் கியூபெக் அடையாளமும் எங்களுடையவை என்றார். 2018-இல் 125 இடங்களில் 74, 2022-இல் 90. பார்த்தி கெபெக்வாவுக்கு 2022-இல் மூன்றே மூன்று. குறிக்கோளைக் கழற்றிவிட்டுத் தேசியத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர் வென்றார் என்று அப்போது நானும் நண்பர்களும் பேசிக்கொண்டோம். ஆனால் லெகோ அரசு மீதான சலிப்பு வளர வளர, அந்த மூன்று பேர் கட்சி கருத்துக்கணிப்புகளில் முன்னுக்கு வந்துவிட்டது. அதன் தலைவர் பால் சென்பியர் பிளாமொந்தோன், ஆட்சிக்கு வந்தால் முதல் தவணைக்குள்ளேயே மூன்றாவது சர்வசன வாக்கெடுப்பு நடத்துவேன் என்று சொல்லியிருக்கிறார். வாக்கெடுப்பை விரும்பாத என் சக ஊழியர்கள் சிலரே அவருக்கு வாக்களிக்கப் போவதாகச் சொல்கிறார்கள். 1976-இல் லெவெக்குக்கு வாக்களித்தவர்கள் சொன்ன அதே காரணத்துக்காக, “இவர்கள் நேர்மையாக ஆள்வார்கள்” என்று.